கதவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே

தண்ணீர்த்தொட்டிச் சாலை வளைவில் வண்டி ஓட்டுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் இடம் மாறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எல்லோரும் வேலைக்குப் போகிற நேரத்தில். காரில் வளைவுக்குள் நுழைந்த பல் டாக்டர், வெளியே வரும்போது பக்கத்தில் வந்த தையல்காரரின் சைக்கிள்மேல் இருந்தார். தையல்காரர் டாக்டரின் காரில், கழுத்தில் அளவு நாடாவோடு, ஏசி காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தார். சிமென்ட் லாரி ஓட்டுகிற மீசைக்காரர் தபால்காரம்மாவின் சைக்கிளில் மணியடித்துக்கொண்டே போனார். பின்னால் அவருடைய லாரி, தபால்காரம்மாவின் கையில், பூனைக்குட்டிபோல வந்தது. ஓட்டத் தெரியாதவர்களுக்கும் அந்தத் தூரத்துக்கு மட்டும் ஓட்டத் தெரிந்திருந்தது. பாலம் வந்ததும் அவரவர் வண்டிக்கு அவரவர் திரும்பிவிட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை. டாக்டர் மட்டும் அன்றைக்கு முதல் ஆளை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கித் தானும் வாயைத் திறந்தபடியே வெகுநேரம் இருந்தார்.

அந்தச் சாலைக்காக நகராட்சி அதற்கு முன்பும் படாத பாடில்லை. சாலைப் பொறியாளர் ஒரு பெண்மணி. நேர்மையானவர், கோடு கோணினால் தூக்கம் வராதவர். சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று சண்டை போட்டு அனுமதி வாங்கியதும், அறையில் உட்கார்ந்து வரைபடத்தில் அதை வரைந்ததும் அவர்தான். நடைபாதையை ஒட்டி வண்டிகள் நிற்கும், அதற்கு வெளியே சைக்கிள் பாதை, அதற்கும் வெளியே ஓடுகிற வண்டிகள். காகிதத்தில் அது அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் கோடு காய்வதற்குள் ஊர் இரண்டானது. கூட்டம் போட்டபோதெல்லாம் வண்டிக்காரர்கள் ஒரு பக்கமும் சைக்கிள்காரர்கள் எதிர்ப்பக்கமும் உட்கார்ந்து, நடுவில் வைத்த பிஸ்கட்டைக்கூடப் பொதுவில் தின்ன மறுத்தார்கள். பொறியாளர் விளக்கு மாட்டினார், வேகத்தடை போட்டார், பொறுமையாகப் போகச் சொல்லிப் பலகை நட்டார். பலகையில் இரண்டு முறை லாரி இடித்தது.

வீட்டிலும் இதே கதைதான். பொறியாளரின் கணவர் பெயிண்ட் டப்பா ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறவர். மாடியில் குடியிருந்த பொறியாளரின் தம்பி பூட்டு ரிப்பேர்காரர், சைக்கிளில் சாவிக்கொத்துகள் குலுங்க ஊரைச் சுற்றுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பேங்க் வாசலில் கணவர் வேனை நிறுத்திக் கதவைத் திறக்க, பாதையில் ஒழுங்காக வந்த தம்பி அதில் போய் மோதினார். கழுத்தெலும்பு கூடிவிட்டது, முன்பல் ஒன்று போனது போனதுதான். அன்றிலிருந்து மாமனும் மாப்பிள்ளையும் பேசுவதில்லை. ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள்.

"உன் தம்பிகிட்ட உப்பத் தள்ளச் சொல்லு."

"அக்கா, உப்பு அவர் கை பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லு. கதவத் திறக்கறதுக்கு முன்னாடி கண்ணத் திறந்தா எல்லாம் தெரியும்."

"நிக்கிற வண்டியில வந்து முட்டுனவனுக்கு வாயப் பாரு!"

நடுவில் உட்கார்ந்து உப்பைத் தள்ளித் தள்ளிப் பொறியாளருக்குச் சாப்பாட்டில் ருசியே போய்விட்டது. அந்த மாதக் கடைசியில் தம்பி வேறு ஊருக்குப் போவதாக முடிவாகியிருந்தது. மாடியில் பெட்டி கட்டி வைத்தாயிற்று. அம்மா அப்பா போனபின் பொறியாளருக்கு மிஞ்சியிருந்த கூடப்பிறப்பு அந்த ஒருவர்தான். போகாதே என்று சொன்னால் கணவரைக் குறை சொன்னதாகும், போ என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பி, முகத்தைத் திருப்பிக்கொண்டே வளைவுக்குள் நுழைந்தார்கள். வெளியே வந்தபோது கணவர் தம்பியின் சைக்கிளில் இருந்தார். சீட் உயரம், கால் பெடலை எட்டுவதும் விடுவதுமாக இருந்தது. கைப்பிடியில் சாவிகள் சலசலத்தன. பக்கத்தில் நின்ற கார்கள் வரிசையாக அவருக்குக் கதவு கதவாகவே தெரிந்தன. பேங்க் வாசலில் அதில் ஒன்று திறந்தது. அவர் சைக்கிளை வெளிப்பக்கம் ஒடித்தார். அங்கே பஸ் உறுமிக்கொண்டு போனது. இரண்டுக்கும் இடையில் ஒரு ஆள் அகலம்கூட இல்லை. பின்னால் தம்பி அவருடைய வேனின் பிரேக்கை எழுந்து நின்று மிதித்தார். அதற்குமுன் கண்ணாடியை மூன்று முறை பார்த்திருந்தார்; மூன்று முறையும் அதில் சைக்கிளே இல்லை, திடீரென்று முன்னால் மாமாவின் முதுகு மட்டும் இருந்தது.

பாலத்தில் அவரவர் வண்டிக்குத் திரும்பியதும் இருவரும் நேரே நகராட்சிக்குப் போய், பொறியாளரின் அறைக்குள் ஒன்றாக நுழைந்தார்கள். கதவு ஒருவருக்குத்தான் அகலம், இடித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

"யாருடி போட்ட கோடு அது?"

"நான்தான். ஏன்?"

"கதவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல மனுஷன வுட்டுருக்கியே, அவன் எங்க போவான்? மேலயா?"

"ஆமாக்கா, வேன்ல உக்காந்து பாத்தா ஒருத்தனும் கண்ணுக்குத் தெரியல. மாமா சொல்றது சரிதான்."

முன்பல் போனபின் தம்பிக்குப் பாதி வார்த்தைகள் காற்றாகத்தான் வரும். மாமா என்ற சொல்லுக்கு முன்பல் தேவையில்லை. அது முழுசாக வந்தது. கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நீயே அவளுக்கு விளக்கிச் சொல்லு மாப்ள, எனக்கு இன்னும் காதுல பஸ்தான் உறுமுது" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பொறியாளர் அந்தச் சாலையில் எப்போதும் பஸ்ஸில்தான் போவார். பஸ்ஸில் போகிறவர்களை வளைவு தொடுவதில்லை. கோட்டை வரைந்த தான் மட்டும் அதில் ஒருநாளும் போனதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அறிவிருக்கா உனக்கு" என்று கணவரும், "படிச்சவதானேக்கா நீ" என்று தம்பியும் மாறி மாறித் திட்டினார்கள். இரண்டு வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. பொறியாளர் கன்னத்தில் கை வைத்து, பாட்டுக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரப்பரை எடுத்து வரைபடத்தில் கோட்டை அழித்தார்.

புதுத் திட்டத்தில் சைக்கிள் பாதை நடைபாதையை ஒட்டி வந்தது, வண்டிகள் அதற்கு வெளியே நின்றன, நடுவில் ஒரு கதவு முழுசாகத் திறக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. கூட்டத்தில் யாரும் எதிர்க்கவில்லை, பிஸ்கட் போதவில்லை. மாடியில் பெட்டியை அவிழ்க்கிற சத்தம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கீழே கேட்டது. பிறகு மேலிடத்திலிருந்து அதிகாரிகள் வந்து, தாங்களும் ஒருமுறை இடம் மாறிப் பார்த்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வளைவை நேராக்கிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்றார்கள். வண்டிக்காரர்களும் சைக்கிள்காரர்களும் சேர்ந்து போய் அவர்களைப் பாலம் வரை வழியனுப்பிவிட்டு வந்தார்கள். தையல்காரர் டாக்டரின் காருக்குச் சீட்டுறை தைத்துப் போட்டார், தினமும் தானே உட்காருகிற இடம் என்பதால். மீசைக்காரர் தபால்காரம்மாவின் மணிக்கு எண்ணெய் விட்டார். வருடங்கள் போயின. புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் அலறினார்கள், இரண்டாம் வாரம் சீட்டைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டார்கள்.

மாமனும் மாப்பிள்ளையும் இப்போதும் காலையில் ஒன்றாகத்தான் கிளம்புகிறார்கள். தண்ணீர்த்தொட்டி கண்ணில் பட்டதும் வேன் ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே வரும்.

"மாப்ள, சீட்ட இறக்கி வச்சியா?"

"வச்சாச்சு மாமா. கண்ணாடிய என் உயரத்துக்குத் திருப்பிட்டீங்களா?"

"அப்பவே!"

அப்புறம் வளைவு வரும்.