மன்றக் கூட்டத்துத் தேநீர்

கல்லூரி மன்றத்தில் மாணவர் தரப்புக்கு ஒரே ஓர் இடம்தான். அதற்குத் தேர்தல் கிடையாது. முதுகலையில் முதல் மதிப்பெண் எடுப்பவரை முதல்வரே நியமிப்பார். இந்த ஆண்டு அது முதலியார்பேட்டை அறிவுமதிக்கு வந்து சேர்ந்தது. இயற்பியல் துறையில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால்கூடப் பதிலைப் பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"உன்ன மாதிரி ஆளுதான்டி அவங்களுக்கு வேணும்" என்று வகுப்புத் தோழி கலைமகள் சிரித்தாள். அப்போது இருவருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் நிகழ்ச்சி நிரல் வந்தது. வருகை குறைந்தவர்களைத் துறைத்தலைவர் பரிந்துரை செய்தால் தேர்வெழுத விடுகிற வழக்கத்தை இந்தப் பருவத்திலிருந்தே நிறுத்துவது என்று அதில் ஏழாவதாக இருந்தது. படித்ததும் அறிவுமதிக்குக் கலைமகள் நினைவுதான் வந்தது.

கலைமகளுக்கு வருகை குறைவு. கனகசெட்டிக்குளத்தில் அவள் அம்மா கால் முறிந்து கிடந்தபோது, மீன் கூடையோடு காலாப்பட்டுத் தெருக்களில் அலைந்தது அவள்தான். துறைத்தலைவர் ராமலிங்கம் அப்போதே, நான் பரிந்துரை எழுதித் தருகிறேன், பயப்படாமல் போய் அம்மாவைப் பார் என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் போனாள். இது அவளுக்குக் கடைசிப் பருவம்.

அந்தப் புது விதியை எதிர்க்கும் தெம்பு அறிவுமதிக்கு இல்லை. அதை அடுத்த ஆண்டிலிருந்து கொண்டுவரலாம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று நினைத்தாள். ராமலிங்கத்திடம் போய்க் கேட்டாள். நியாயம்தான், மன்றத்தில் நீயே சொல், நான் ஆமாம் போடுகிறேன் என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள், சிக்னலில் வண்டி நிற்கும்போது சொல்லிப் பார்த்தாள். கடைசியில் கலைமகளிடம் ஒப்பித்தாள்.

"தடுமாறாம சொல்லிடுவியாடி?"

"கை தூக்கற வரைக்கும்தான் பயம். எழுந்து நின்னுட்டா சொல்லிடுவேன்."

கூட்டத்தில் நீள மேசையின் நடுவில் முதல்வர் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். அறிவுமதிக்கு மேசையில் இடமில்லை. கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் பொருள் வாகன நிறுத்தம். வேப்பமர நிழல் யாருடைய காருக்கு என்பதிலேயே பெரும்பொழுது போனது. அடுத்து விளையாட்டு விழாவுக்கு யாரை அழைப்பது, அழைப்பிதழில் யார் பெயர் மேலே வருவது. அறிவுமதி ஏழுக்காகக் காத்திருந்தாள். வரிசையில் நின்றால் முறை வரும் என்று பழகியவள் அவள்.

மூன்றாவது பொருள் முடியும் நேரத்தில் அலுவலக உதவியாளர் அம்மாவாசை டீயும் மெதுவடையும் கொண்டுவந்தார். மேசையைச் சுற்றி முடித்துக் கதவோரம் வந்தார்.

"புடிம்மா, கை சுடுது."

அவரை நிற்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு கையில் டம்ளரையும் மறு கையில் வடைத் தட்டையும் வாங்கிக்கொண்டாள்.

முதல்வர் நிகழ்ச்சி நிரல் கோப்பை மூடினார். "மிச்சமெல்லாம் வழக்கமானதுதான். நாலுலேர்ந்து பத்து வரைக்கும் எல்லாருக்கும் சம்மதம்தானே?"

யாரும் மறுக்கவில்லை. திறந்த வாய்களில் வடை இருந்தது. ராமலிங்கம் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வடையின் எண்ணெயைக் காகிதத்தில் ஒற்றினார். அறிவுமதி எழுந்தாள். தூக்கக் கை இல்லை. டீ தளும்பி மணிக்கட்டைச் சுட்டது. "சார்" என்றாள்.

"சர்க்கரை பத்தலையாம்மா?" என்றார் முதல்வர்.

யாரோ மெல்லச் சிரித்தார்கள். அம்மாவாசை சர்க்கரையோடு ஓடிவந்து ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார். அவர் கலக்கி முடிப்பதற்குள் இரண்டு பேராசிரியர்கள் கைகழுவப் போய்விட்டார்கள்.

தாழ்வாரத்தில் ராமலிங்கத்தை மறித்துக் கேட்டாள். "ஆமாம் போடறேன்னீங்களே சார்."

"நீ சொன்னாதானேம்மா போட முடியும்." பிறகு குரலைத் தணித்தார். "டீ வர்றதுக்குள்ள சொல்லிருக்கணும். இங்க டீய கையில வாங்கிட்டா சம்மதம்னுதான் கணக்கு. எல்லாருக்கும் தெரியுமே."

அவளிடம் யாரும் மறைக்கவில்லை. சொல்லவேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

முதல்வர் அறைக்கும் போனாள். அவர் உட்காரச் சொல்லி, அவள் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். "ஒருமனதா நிறைவேறினதும்மா. நீயும் அங்கதானே இருந்த. இப்ப நான் தனியா மாத்தினா அப்புறம் மன்றம் எதுக்கு?"

பேருந்து நிலையத்தில் கலைமகள் காத்திருந்தாள். அறிவுமதி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கையத் தூக்கலையா நீ?"

"ரெண்டு கையிலயும் இருந்துச்சுடி."

கலைமகள் எதிரே நின்ற பேருந்தின் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வடையாவது நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஏறிப் போனாள். சன்னல் பக்கம் இடம் கிடைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

தேர்வுகள் முடிந்து, அடுத்த கூட்டம் வந்தது. விடுபட்டவர்களுக்கு ஒரு சிறப்புத் தேர்வு வைக்கவேண்டும் என்று அறிவுமதி எழுதிக் கொடுத்திருந்தாள். கலைமகளிடம் சொல்லவில்லை. தேர்வெழுத முடியாமல் போனவள் மறுபடி கூடையோடு காலாப்பட்டுக்குப் போக ஆரம்பித்து, தொலைபேசியை எடுப்பதையும் விட்டிருந்தாள்.

இந்த முறை கூட்டம் தொடங்கியதுமே அறிவுமதி கையைத் தூக்கினாள்.

"வரிசைப்படி வரும்மா" என்றார் முதல்வர். "உன்னோடது ஒம்பதாவது."

வேப்பமர நிழல் இன்னும் தீராமல் மறுபடி முதலில் வந்தது. நான்காவது பொருளில் கதவு திறந்தது. அம்மாவாசை தட்டை நீட்டினார். அறிவுமதி இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு டம்ளரை அவள் காலடியில், நாற்காலிக் காலை ஒட்டி, தட்டிவிடாதபடி பார்த்து வைத்தார்.

"இங்க இருக்கட்டும்மா. அப்புறமா குடி."

முதல்வர் நிகழ்ச்சி நிரல் கோப்பை மூடி நிமிர்ந்தார். "எல்லாருக்கும் டீ வந்துச்சா?"

"வந்துச்சு சார்" என்றார் அம்மாவாசை.