தேஜஸ்ரீ மேல் ஒட்டாத அம்புகள்

ஜூன் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு, பள்ளித் தாளாளர் சிவசுப்பிரமணியத்தின் நாக்கில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டது. ஒட்டியவர் யாரும் இல்லை. "இந்தப் பாப்பா நம்ம ஸ்கூலுக்கு செட் ஆகாதுங்க அம்மிணி, மத்த புள்ளைகளும் கெட்டுப் போயிருமுங்க" என்று சொல்லி முடித்து, அடுத்த ஆளைக் கூப்பிட வாயைத் திறந்தார். நாக்கின் நட்டநடுவில், நுனி தொண்டையைப் பார்த்தபடி, அம்பு இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சாந்தாமணிக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பதினோரு வருஷமாகத் தினமும் நூற்றுக்கணக்கில் அவள் ஒட்டுகிற அதே அம்பு. திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். துணியில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ, எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே அம்பின் நுனி பார்க்க வேண்டும். பீஸ் திரும்பத் தையலுக்குப் போகும். தைத்தவர் தப்பைச் சரிசெய்துவிட்டு அவரேதான் அம்பை உரிக்க வேண்டும். செக்கிங்காரி ஒட்டலாம், உரிக்கக் கூடாது. எந்தப் புத்தகத்திலும் எழுதியில்லை. ஆனால் அவிநாசி ரோட்டிலிருந்து பல்லடம் ரோடு வரைக்கும் எல்லாக் கம்பெனியிலும் இதுதான் முறை.

தாளாளர் நகத்தால் சுரண்டினார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். மச்சினன் தன் கம்பெனியிலிருந்து கறை எடுக்கும் மருந்தையே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வாயில் படக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருந்ததால் தாளாளர் பிழைத்தார். இத்தனை ரகளையிலும் சாந்தாமணியின் மகள், ஆறு வயது தேஜஸ்ரீ, ஆபீஸ் தரையில் உட்கார்ந்து, மேஜையிலிருந்து எடுத்த கண்ணாடிக் குண்டைச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். தாளாளரை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அது ஐந்தாவது பள்ளி. முதல் பள்ளியில் சீட் நிரம்பிவிட்டது என்றார்கள். சாந்தாமணி வாசல் தாண்டுவதற்குள் பின்னால் வந்தவருக்கு அதே சீட்டைக் கொடுத்தார்கள். இரண்டாவதில் குழந்தை பேசட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவதில் பாத்ரூம் பழக்கத்தைக் கேட்டார்கள். நாலாவதில் ஒன்றும் கேட்கவில்லை, காவலாளியே கேட்டைச் சாத்திவிட்டான். ஒண்ணாங் கிளாஸில் ஓர் இடம், அவ்வளவுதான் அவள் கேட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அந்த நாலு பள்ளியிலும் அம்பு ஒட்டியிருந்தது: ஒருவருக்கு உதட்டில், ஒருவருக்குப் பேனா பிடிக்கும் விரலில், நாலாவது பள்ளியில் அந்த இரும்புக் கேட்டில். காவலாளி தப்பித்தான், அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பிரின்சிபால் தப்பவில்லை.

முன்கதை பெரிதாக ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சல்தான் பெரிது. ஒன்றரை வயதில் மற்ற குழந்தைகள் நாயை, பஸ்ஸை, பலூனை விரல் நீட்டிக் காட்டும். தேஜஸ்ரீ எதையும் காட்டவில்லை. தண்ணீர் வேண்டுமானால் அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தின் மேல் வைப்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். காலி நூல் கோன்களைச் சுவரோரம் வரிசையாக அடுக்குவாள், ஒன்று நகர்ந்தாலும் வீடு இரண்டுபடும். சாந்தாமணி கேட்காத ஆள் இல்லை. மாமியார் மயிலாத்தாள், "உன்ற புருசனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான், போய்ச் சோலியப் பாரு" என்றாள். டாக்டர் தலை நிமிராமல், "போன், டிவி குடுக்காதீங்க" என்று எழுதிக் கொடுத்தார். அந்த வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு பட்டன் போன். கொமரலிங்கத்துப் பெரியம்மா, கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே போனாயா என்று கேட்டாள். 'பேசாத குழந்தைக்குத் தொண்ணூறு நாளில் பூரண குணம்' என்று போர்டு வைத்திருந்தவன், தொண்ணூற்றொன்றாம் நாள் தாய்க்குத்தான் நம்பிக்கை போதவில்லை என்றான். பயிற்சியை உடனே ஆரம்பி, ஒரு நாளும் விடாதே என்று ஒரு வாயும் சொல்லவில்லை. நாலு வருஷம் போயிற்று. ஒன்றரை வயதிலிருந்து ஐந்தரை வரைக்கும் என்பது, நீங்களும் நானும் டீக்கடையில் தொலைக்கிற நாலு வருஷம் அல்ல.

கடைசியில் சொன்னவள் மஹ்னூர். அரசாங்கத்தின் சிறப்பாசிரியை, ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போகிற சின்னப் பெண். அந்த மார்ச்சில் வந்தவள், அரை மணி நேரம் யாரிடமும் பேசாமல் தரையில் உட்கார்ந்து, தேஜஸ்ரீ அடுக்கிய வரிசைக்குப் பக்கத்தில் தானும் ஒரு வரிசை கோன் அடுக்கினாள். தேஜஸ்ரீ கடைசியில் அந்த வரிசையை எட்டிப் பார்த்தாள். "இது வியாதி இல்லக்கா, மாத்திரையும் இல்ல. இவ மூள வேற மாதிரி ஓடுது, அவ்வளவுதான். ரெண்டு வயசுல ஆரம்பிச்சிருக்கணும். சரி, இன்னிக்கு ஆரம்பிப்போம். உங்க வெரலப் புடிச்சு இழுக்கறாள்ல? அது பேச்சுதான். நீங்க பதில் சொல்லுங்க." சாந்தாமணி அன்று அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம். மார்ச்சில் வந்த அந்தக் கோபம்தான் ஜூனில் அம்பாக வந்தது என்று செக்கிங் டேபிளில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மயிலாத்தாளின் கீழுதட்டில் அம்பு. புதன்கிழமை டாக்டரின் கட்டைவிரலில். தொண்ணூறு நாள் வைத்தியனின் போர்டில் எழுத்தே தெரியாத அளவுக்கு அப்பிக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் புதுத் துணிக்கடை என்று நினைத்துப் படியேறினார்கள். கொமரலிங்கத்துப் பெரியம்மாவுக்கு அமராவதி ஆற்றில் மூன்று முழுக்குப் போட்டும் போகவில்லை. சாந்தாமணியின் புருஷன் சுரேந்தருக்கு இரண்டு கண் இமையிலும் ஒட்டியது. கண்ணை மூடினால்தான் தெரியும். நிட்டிங் ஆப்பரேட்டரான அவன், மகள் எழுவதற்கு முன் வேலைக்குப் போய், தூங்கிய பிறகு வருவதையே நாலு வருஷமாக ஒரு கலையாகப் பழகி வைத்திருந்தான். "என்னையும் எதுக்குடி கோத்து உட்டுட்ட?" என்று பொண்டாட்டியிடம் எரிந்து விழுந்தான். "நானொண்ணும் ஒட்டல. நீ அவளப் பாத்து எத்தன நாளாச்சு, அதச் சொல்லு மொதல்ல" என்றாள். ஊரில் மாஸ்க் விற்பனை மறுபடி சூடு பிடித்தது. ஒருவர் வாயை ஒருவர் உற்றுப் பார்ப்பது கொஞ்ச நாளைக்கு மரியாதைக் குறைவாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

மயிலாத்தாள்தான் உதட்டை முந்தானையால் மூடிக்கொண்டு கேட்டாள்: "ஊரு சனம் பூரா தேடித் தேடி ஒட்டுதே, அந்தப் புள்ள ஒடம்புல எத்தன ஒட்டியிருக்குதோ, பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாந்தாமணி, செக்கிங் டேபிளில் தன் எதிரே நிற்கிற ரஹ்மத்துன்னிசாவை வரவழைத்தாள். கதவைச் சாத்தி, டியூப்லைட் போட்டு, மகளைக் குளிக்க வார்த்து, கட்டிலில் உட்கார வைத்து, இரண்டு பேரும் கம்பெனியில் பார்க்கிற வரிசையிலேயே பார்த்தார்கள்: கழுத்து, தோள், கை, பக்கவாட்டு, கீழ் மடிப்பு. திருப்பிப் போட்டு மறுபடி கழுத்திலிருந்து. காது மடலுக்குப் பின்னால், நாக்கில், விரலிடுக்கில். தேஜஸ்ரீ கோனைச் சுற்றிக்கொண்டே திரும்பினாள், நிமிர்ந்தாள், ஒத்துழைத்தாள். ஓர் அம்பும் இல்லை. பதினோரு வருஷத்தில் எந்த பீஸையும் அவர்கள் ஒரு குறையும் சொல்லாமல் விட்டதில்லை. குறைந்தது ஒரு நூல் பிசிறாவது இருக்கும். "பாஸ், சாந்தாக்கா" என்றாள் ரஹ்மத்துன்னிசா. "ஃபர்ஸ்ட் குவாலிட்டி."

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் சாந்தாமணி பார்த்தாள். அவளுடைய வலது கட்டைவிரலில், நகத்துக்குக் கீழே, சிவப்பாக ஒன்று.

எதற்கென்று அவளுக்குத் தெரியும். மயிலாத்தாளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ரெண்டு வயதிலிருந்து நாலு வயது வரை, ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த இடுப்பு இலாஸ்டிக்கால் மகளின் காலை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போனவள் அவள். மயிலாத்தாள் மத்தியானம் வந்து சோறு ஊட்டிவிட்டு மறுபடி கட்டுவாள். இழுத்தால் நீளும், வலிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது இந்த வாய்தான். முடிச்சை இறுக்கியது இந்தக் கட்டைவிரல்தான். கம்பெனியில் 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு மாட்டிய ரூம் இருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள் இருந்தன. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற அன்று மட்டும் பெட்டிகள் வெளியே போய், பொம்மைகள் உள்ளே வரும். ஆளுக்கொரு குழந்தை கொண்டுவரச் சொல்வார்கள். "உன்ற புள்ள வேண்டாம் சாந்தா, கத்திக் கித்தி வெச்சுருச்சுன்னா?" என்பார் மேனேஜர். அந்த ரூம் நிஜமாகத் திறந்திருந்தால் இலாஸ்டிக்குக்கு வேலையே இருந்திருக்காது. மறுநாள் அந்தக் கதவிலும் மேனேஜர் நெற்றியிலும் ஒட்டியது. அதற்காகத் தன் விரலில் இருப்பது உரிந்துவிடவில்லை என்பதையும் சாந்தாமணி பார்த்தாள்.

முறை தெரிந்தும் சுரண்டினாள். ரத்தம் வந்தது, அம்பு வரவில்லை. மஹ்னூர் வந்தபோது விரலை மறைக்காமல் நீட்டி, கட்டிப்போட்டதைச் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். மஹ்னூர் தன் பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். வேறொரு குழந்தையின் பெயருக்கு நேரே 'ஒத்துழைக்கவில்லை' என்று அவள் எழுதிய சொல்லின் மேல் அம்பு உட்கார்ந்திருந்தது. "அன்னிக்கு அந்தப் பையனுக்குக் காது வலிச்சிருக்குதுக்கா. நான் கேக்கவே இல்ல" என்றாள். பிறகு இரண்டு பேரும், தேஜஸ்ரீ எடுத்துக் காட்டிக் கேட்பதற்காக, படம் வரைந்த அட்டைகளை வெட்ட உட்கார்ந்தார்கள்: தண்ணீர், சோறு, வெளியே, வேண்டாம்.

ஜூலையில் தாளாளரே ஆளனுப்பினார். மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒண்ணாங் கிளாஸ்ல சேத்திக்கறனுங்க அம்மிணி. இத மட்டும் எடுத்து உட்டுருங்க."

"நான் ஒட்டலீங்க. ஒட்டியிருந்தாலும் நான் எடுக்கக் கூடாதுங்க. தப்பச் சரி பண்றவங்கதான் எடுக்கோணும்."

சீட் கொடுத்தார். கடைசி பெஞ்சு, பெல்லுக்கு நேர் கீழே. முதல் பீரியட் முடிந்து அந்த மின்சார மணி அடித்ததும் தேஜஸ்ரீ பெஞ்சுக்கு அடியில் போய்த் தலையைத் தரையில் மோதிக்கொண்டாள். பார்த்தீர்களா, அப்பவே சொன்னேன் என்று சொல்வதற்காகவே தாளாளர் சாந்தாமணியைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மாஸ்க்கை இறக்கி வாயைத் திறந்தபோது அம்பு இரண்டாகியிருந்தது. "சீட்டுத்தான் குடுத்துட்டனல்லங்க!" என்று கிட்டத்தட்ட அழுதார்.

சாந்தாமணி மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பதினோரு வருஷம் தையல்காரர்களிடம் கத்திய அதே குரலில் கத்தினாள். "கறை மேல லேபிள் வெச்சுத் தெச்சாக் கறை போயிருமாங்க? ரெண்டு தொவைக்கு லேபிள் பிஞ்சுரும், கறை அங்கயேதான் இருக்கும். உங்க மணியில இருக்குதுங்க தப்பு. என்ற புள்ளகிட்ட இல்லீங்க. நான் டியூப்லைட்டுல வெச்சுப் பாத்துட்டேன், தலையிலிருந்து கால் வரைக்கும். நீங்க பாக்கறீங்களா?" வராந்தாவில் இருந்த டீச்சர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மின்சார மணி இறங்கியது. ஆயா கையில் சின்ன வெண்கல மணி வந்தது. தேஜஸ்ரீயின் இடம் ஜன்னலோரம் மாறியது. வாரத்துக்கு இரண்டு நாள் மஹ்னூர் வந்து டீச்சருக்குப் பட அட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். அரையாண்டுப் பரீட்சைக்குள், ஒரு நாள் சாப்பிடும்போது, தாளாளரின் ஓர் அம்பு உதிர்ந்தது; இன்னொன்று இருக்கிறது. அவர் இப்போது குறைவாகப் பேசுகிறார், பள்ளிக்கு அது நல்லதாகவே இருக்கிறது. சுரேந்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகள் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கோன் அடுக்கினான்; சாயங்காலம் முகம் கழுவியபோது வாளித் தண்ணீரில் இரண்டு அம்புகள் மிதந்தன. காப்பக ரூமில் பெட்டிகள் போய்த் தொட்டில்கள் வந்தன, ஆடிட் இல்லாத நாளிலும். மயிலாத்தாளுக்கு இன்னும் உதிரவில்லை. உதிர வேண்டிய அவசியமும் அவளுக்குப் படவில்லை, வெற்றிலை போட்டால் தெரிவதில்லை என்கிறாள். பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போது ஜாதகத்தோடு அம்பு எங்கே இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். சர்டிபிகேட்டில் அங்க அடையாளம் என்ற இடத்தில், மச்சத்துக்கு அடுத்து, அதையும் எழுதிக்கொள்கிறார்கள்.

தேஜஸ்ரீ இன்னும் பேசவில்லை. பேசலாம், பேசாமலும் இருக்கலாம் என்று மஹ்னூர் சொல்லியிருக்கிறாள். பட அட்டை கைக்கு எட்டாத நேரத்தில் பழையபடி அம்மாவின் கட்டைவிரலைத்தான் பிடிக்கிறாள். அந்த விரலில் அம்பு அப்படியே இருக்கிறது. சாந்தாமணி அதைச் சுரண்டுவதை நிறுத்தி நாளாயிற்று. நேற்றுச் சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் மகள் அந்த விரலைப் பிடித்தாள், இப்படியும் அப்படியும் திருப்பினாள், அம்பின் நுனி சரியாகப் பார்க்கும்படி குடத்துக்கு நேரே நிறுத்தினாள். அம்பு பார்த்த இடத்தில் தண்ணீர் இருந்தது. சாந்தாமணி மொண்டு கொடுத்தாள்.