மண்ணிறத் துணியில் தைத்தது

"செத்தவளை நிம்மதியா விடு. மவிஸுக்கு ஹார்ட் எண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு. இப்ப போய் சேர்ச் ஹோலில நிண்டு அதையெல்லாம் பிரிச்சுக் கொட்டப் போறியோ?"

"ஹார்ட் இல்லை எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கஸ்பர்."

"ஊருக்குத் தெரிய வேண்டாம்."

"ஊரை விடு. அவளின்ர பெட்டையளுக்கே தெரியாது. அதுகள் ஹார்ட்டுக்குப் பயந்துகொண்டு திரியுதுகள்."

குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. இந்தப் பக்கம் யோகமலர் கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு அசையாமல் நின்றாள். பக்கத்து வீட்டுப் பேர்ணடெற்றும் அவளுடைய அண்ணன் கஸ்பரும், செத்துப்போன சகோதரி மவிஸைப் பற்றிச் சண்டை பிடித்தது தங்கள் கரீபியன் தீவு இங்கிலீஷில்தான். அவளுடைய காதில் அது இப்படித்தான் விழுந்தது. ரொறொன்ரோவில், ரெக்ஸ்டேலில் அந்த மாடிக் கட்டடத்துச் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் கூட இங்கே கேட்கும்.

கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. கஸ்பர் போய்விட்டான். யோகமலரின் இடது கை தானாக எழும்பி, வலது அக்குளுக்குப் பக்கத்தில், சட்டைக்கு மேலாக ஒரு இடத்தைத் தொட்டது. தொட்டதும் நெருப்பில் பட்டதுபோல் கையை எடுத்தாள். இருக்கிறது. நேற்றும் இருந்தது. குளிக்கும்போது சவர்க்காரக் கை அதில் தட்டுப்பட்ட நாளிலிருந்து இருக்கிறது. நோவு இல்லை. நோவு இருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பாளோ என்னவோ.

சொல்வதற்கு வீட்டில் இரண்டு பேர். புருஷன் பத்மநாதன், மகள் ரதி. இருவரிடமும் சொல்ல முடியாது. ரதிக்கு வோபர்ன் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போன கிழமை பொடியனின் தாய் கனகாம்பிகை ரெலிபோனில் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, குடும்பத்தில் நோய் வருத்தம் ஏதும் உண்டோ என்று கேட்டாள். சனம் சம்பந்தம் பேசும்போது கேட்கிற கேள்விதான். பத்மநாதன் சிரித்து, எங்கட ஆக்கள் எல்லாம் கல்லுக் குண்டுகள் என்று சொன்னான். யோகமலர் அப்போது அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வெளியில் சிந்திவிட்டது.

சண்டை நடந்த அன்று பின்னேரம் பேர்ணடெற் கதவைத் தட்டினாள். வீட்டுக் குசினியில் கதிரை போட்டுத் தன் சனத்துக்குத் தலை பின்னிவிடுகிறவள். பாதி பின்னிய தலையோடு யாரும் எழும்பி ஓட முடியாது என்பதால், மார்பைத் தடவிப் பாருங்கள் என்று அந்தக் கதிரையில் வைத்தே பெண்களுக்கு ஓதுவாள். யோகமலர் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். பேர்ணடெற்றின் சேர்ச் பாட்டுக்குழுச் சட்டைகள் எல்லாம் அவளுடைய மெசினில் தைத்தவைதான்.

பேர்ணடெற் வந்த காரியத்தைச் சொன்னாள். சுகாதார நேர்ஸ் ஒருத்தி சேர்ச்சுக்கு வந்து, கட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்ட ஒரு ரப்பர் மார்பு கொண்டுவந்தாளாம். வெளிறிய ரோசா நிறம். கொடுத்த தாள்களிலும் எல்லாப் படத்திலும் வெள்ளைக்காரிகள். கிழவிகள் ரப்பரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இது வெள்ளையருடைய வருத்தம், எங்களுக்கு வருவது பிறஷரும் சீனி வருத்தமும்தான் என்று சொல்லி, தொடாமலேயே அடுத்தவளிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். சீனி என்றதும் யோகமலருக்குத் தன் சனம் பேசுகிற மாதிரியே கேட்டது.

"எங்கட நிறத்தில தைச்சுத் தா. கோப்பி நிறம், தேத்தண்ணி நிறம், எல்லா நிறத்திலயும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேணும்."

கட்டிக்குப் பதிலாக வைக்க அவள் கைக்குள் காய்ந்த துவரை விதைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்று வை, நடுவில் வை, நழுவுகிற மாதிரி வை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யோகமலரிடம் பாவாடை தைத்து மிஞ்சிய மண்ணிறத் துணிகள் இருந்தன. பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்தாள். ஐந்து தைத்தாள். நாலு பேர்ணடெற் சொன்னபடி வந்தன. ஐந்தாவதைத் தைக்கும்போது ரதியின் சம்பந்தத்தையும் மவிஸின் பெண் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டு இருந்தாள். விரல்கள் தங்கள் பாட்டில் வேலை செய்தன. கடைசி நூலைப் பல்லால் கடித்துவிட்டு எல்லாவற்றையும் பையில் போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பேர்ணடெற் தன் குசினி மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து அமத்திப் பார்த்தாள். நாலுக்கும் தலையாட்டினாள். ஐந்தாவதில் அவளுடைய விரல் நின்றது. திரும்ப அமத்தினாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது நான் தந்த விதை இல்லை."

யோகமலர் பார்த்தாள். உண்மைதான். துவரை இல்லை, கொண்டைக்கடலை. நூலால் இறுக்கிச் சுற்றி, உள்ளுக்குத் துணியோடு சேர்த்துத் தைத்திருந்தது. தள்ளினால் நகரவில்லை. நடுவிலும் இல்லை. மேலே, ஓரத்தில், அக்குள் பக்கம்.

"நான் நழுவ வேணும் எண்டு சொன்னன். இது கல்லு மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. இந்த இடத்தை உனக்கு ஆர் சொன்னது, யோகா?"

 யோகமலர், மறந்துபோய் வைத்துவிட்டேன் என்று சொல்லப் பார்த்தாள். இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பேர்ணடெற் எழும்பிப் போய் அடுப்பை நிப்பாட்டிவிட்டு வந்து அவளுக்கு எதிரில் இருந்தாள்.

"மவிஸின்ரயும் இப்பிடித்தான் இருந்தது. கடைசியில நான்தான் அவளைக் குளிப்பாட்டினனான். என்ர விரலுக்கு மறக்காது."

"என்ர மனிசனிட்டச் சொல்லாதையுங்கோ. பிள்ளைக்குக் கலியாணம் பேசுறம்."

"அவளும் இதைத்தான் சொன்னவள். கஸ்பரிட்டச் சொல்லாதை, பிள்ளையளிட்டச் சொல்லாதை எண்டு. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்தம்." பேர்ணடெற் அந்த மண்ணிறப் பஞ்சுப் பொட்டலத்தை மேசையில் மெதுவாக வைத்தாள். "இது என்னவெண்டு எனக்குத் தெரியாது. ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம். டொக்டர்தான் பாத்துச் சொல்லவேணும். திங்கட்கிழமை நான் உன்னோட வாறன். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஆனா நீ வரவேணும்."

 யோகமலர், அந்த ஐந்தாவதைப் பிரித்துத் திரும்பத் தைத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினாள். பேர்ணடெற் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சின் நிலக்கீழ் ஹோலில் யோகமலர் சுவரோரம் போய் இருந்தாள். தொப்பி போட்ட பெண்கள், பிள்ளைகள், கோட்டோடு ஆண்கள் சிலர். அவ்வளவு பேருக்குள் சேலை கட்டியவள் அவள் ஒருத்திதான். கஸ்பர் கையைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றான். தங்கையை நிப்பாட்டத்தான் வந்தானோ என்று யோகமலர் பயந்தாள். பேர்ணடெற் மேசைக்கு முன்னால் போய் நின்று, மூச்சு எடுத்து, சொல்லிவிட்டாள்.

"என்ர அக்கா மவிஸ் செத்தது ஹார்ட்டால இல்லை. மார்பில கான்சர். எங்கள் கறுப்புச் சனத்துக்கும் வருது. நாங்கள் சொல்லாததால, வாறதில்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறம்."

 முன் வரிசையில் இருந்த இரண்டு பெட்டைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். மவிஸின் பிள்ளைகள். மூத்தவள் தங்கையின் கையைப் பிடித்தாள்.

பிறகு மண்ணிறப் பொட்டலங்கள் கைமாறின. இந்த முறை யாரும் தள்ளவில்லை. ஒரு கிழவி தன் கைக்குப் பக்கத்தில் வைத்து நிறத்தைப் பார்த்து, "இது நான்தான்" என்றாள். ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் யோகமலரின் கண் ஐந்தாவதிலேயே இருந்தது. அது வரிசை வரிசையாகப் போனது. தொடுகிற ஒவ்வொருத்தியின் முகமும் மாறியது. முன்பின் தெரியாத அத்தனை பேரும் தன் உடம்பைத் தொட்டு, தான் இவ்வளவு நாளும் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிப்பது போல இருந்தது அவளுக்கு. எழும்பி ஓட வேண்டும் போல இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கடைசியில் அது கதவடிக்குப் போனது. கஸ்பர் வேண்டாம் என்று தலையாட்டினான். பிறகு வாங்கினான். பெரிய கை. மெதுவாக அமத்தினான். அவனுடைய பெருவிரல் அந்த இடத்தில் நின்றது. அப்படியே மேசை வரைக்கும் நடந்து போய்த் தங்கைக்கு முன்னால் நின்றான்.

"இப்பிடியோ இருந்தது?"

"ஓம்."

"இதையோ அவள் வைச்சுக்கொண்டு திரிஞ்சவள், என்னட்டச் சொல்லாமல்?"

 அந்தப் பெரிய மனிதன் பஞ்சுப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் அழுதான். யோகமலர் அவனைப் பார்க்கவில்லை. முன் வரிசையில் இருந்த அந்த இரண்டு பெட்டைகளைத்தான் பார்த்தாள். மூத்தவளுக்கு ரதியின் வயதுதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது பத்மநாதன் ரெலிபோனில் நின்றான். வோபர்ன் ஆட்கள். நாள் குறிக்கிற கதை. ரதி சோபாவில் காலை மடித்துக்கொண்டு இருந்து கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள். யோகமலர் கோட்டைக் கழற்றவில்லை. மகளுக்குப் பக்கத்தில் இருந்து, அவளுடைய கையைப் பிடித்து, கோட்டுக்குள்ளே, தன் சட்டைக்கு மேலாக அந்த இடத்தில் வைத்தாள். ரதியின் விரல்கள் கட்டியின் மேல் நின்றன.

"அம்மா, வட் இஸ் திஸ்?"

"தெரியேல்லை பிள்ளை. நாளைக்குப் பேர்ணடெற்றோட டொக்டரிட்டப் போறன். எனக்குச் சரியான பயமாக் கிடக்கு. ஆனா நீ தெரிஞ்சிருக்க வேணும்."

பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் ரெலிபோன் வாயைப் பொத்திக்கொண்டு, என்ன என்று கண்ணால் கேட்டான்.

"அவையளிட்டச் சொல்லுங்கோ, பெட்டையின்ர தாய்க்கு மார்பில ஒரு கட்டி கிடக்கு எண்டு. பிறகு ஒளிச்சதெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

பத்மநாதனின் கை ரெலிபோனைப் பொத்தியபடியே நின்றது. அந்தப் பக்கத்தில் கனகாம்பிகை ஹலோ, ஹலோ என்று கூப்பிடுவது அறை முழுக்கக் கேட்டது. ரதி அம்மாவின் கையை விடவில்லை.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்த நிறத்து ஆட்களாகவும் இருங்கள். உங்கள் வீட்டிலும் யாருக்காவது "ஹார்ட்" என்று சொல்லி வேறொன்றை மூடி வைத்தீர்களா? கட்டி ஒன்று தட்டுப்பட்டபோது முதலில் யாரிடம் சொன்னீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள்? பெயர் போட வேண்டாம். இரண்டு வரி போதும். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.