கணக்கில் சேராத முதல் அளவு

ஐந்து நாள் பயிற்சியின் முதல் நாளே கூடத்தின் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. முந்தைய பிரிவில் வந்த ஆசிரியர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராக நழுவியிருந்தார்கள். அதற்கான தண்டனையை இந்தப் பிரிவு அனுபவித்தது. கூடத்தில் மின்விசிறிகள் நான்கு. சுழன்றவை இரண்டு.

பயிற்றுநர் நாராயணசாமி நல்லவர். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளையும் வேறு வேறு வழக்கங்களில் வளர்ந்த குழந்தைகளையும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் முறையை அவர் ஒரு கதையோடு தொடங்கினார். குளத்தங்கரைப் பள்ளிக்கு ஒரு கொக்கு ஆய்வுக்கு வந்தது. ஆமையின் ஓட்டை அலகால் மூன்று முறை தட்டிக் கேள்வி கேட்டது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு கொக்கு பறந்துவிட்டது. நாற்பது ஆசிரியர்களும் சிரித்தார்கள். கோகிலவாணி அதைக் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டாள்.

அவளுக்குச் சொந்த ஊர் ரிஷிவந்தியம். கல்வராயன் மலையில் ஓராசிரியர் பள்ளியொன்றில் ஆறு ஆண்டுகளாகப் பணி. இரண்டு வயது மகன் ஊரில் மாமியாரிடம் வளர்ந்தான். வாரம் ஒருமுறை அவள் போகும்போது, மற்றவர்கள் அழைப்பதைக் கேட்டு அவனும் அவளை ‘டீச்சர்’ என்றே அழைத்தான். இந்தப் பயிற்சிச் சான்று கிடைத்தால் ஜூன் மாதம் கீழே மாறுதல் உறுதி.

ஐந்தாம் நாள் ஒவ்வொருவரும் தம் பள்ளிக் குழந்தை ஒன்றை அழைத்துவந்து பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கோகிலவாணி அழைத்துவந்தது தமிழ்ப்ரியாவை. ஒன்பது வயது, பிறவியிலேயே காது கேளாதவள். தேறாத குழந்தையைத் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பப் பரிந்துரை போகும். “எங்க ஜாடை தெரியாத எடத்துல, பசிக்குதுன்னு யார்கிட்ட சொல்லுவா?” என்று அவளுடைய அப்பா அம்மாசி பேருந்தில் வரும்போதே இரண்டு முறை கேட்டுவிட்டார். அவரைக் கம்பிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

உள்ளூர்ப் பொருளைக் கொண்டு கற்பியுங்கள் என்றது கையேடு. ஆகவே கோகிலவாணி, மலையில் அந்த வாரம் அறுத்து அடித்த சாமையைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் பத்துத் தம்ளர் சரியாக அளந்து கொண்டுவந்திருந்தாள். மேசைமேல் குவித்து, தம்ளரைக் கையில் கொடுத்து, எத்தனை என்று ஜாடையால் கேட்டாள்.

தமிழ்ப்ரியா குவியலைத் தொட்டுப் பார்த்தாள். முதல் தம்ளரை முகந்து ஓரத்தில் ஒரு தாளில் கொட்டினாள். மற்றவற்றைப் பாத்திரத்தில் அளந்தாள். ஒன்பது விரல்களைக் காட்டினாள்.

மறுபடியும் அளக்கச் சொன்னார்கள். ஒன்பது. மூன்றாம் முறையும் ஒன்பது.

பக்கத்து மேசையிலிருந்து கச்சிராயபாளையத்து ஆசிரியர் முருகவேல் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஒரு விரல நீங்களே தூக்கி வுடுங்க டீச்சர், பத்தாயிடும். நாலு மணிக்குப் பூட்டு தொறக்கறாங்க.”

“மொதத் தம்ளரத் தனியா வெக்கிறா சார்,” என்றாள் கோகிலவாணி பயிற்றுநரிடம்.

“வெக்கட்டும்மா. எண்ணணும் இல்ல?”

அவள் கம்பிக் கதவுக்குப் போனாள். நடந்ததைக் கேட்ட அம்மாசி, “எந்தச் சாமை?” என்றார்.

“உங்க மலையுதுதான். புதுசு.”

“அப்ப ஒம்போதுதான் டீச்சர். புதுச் சாமையில மொத அளவு சாமிக்கு. அது கணக்குல சேராது. அத அளக்கறப்பயும் எடுத்துக்கினு போறப்பயும் பேசக் கூடாது. எங்க வூட்ல மூணு வருசமா அவதான் அளக்கறா. அதுக்கு அவளவிடத் தோதான ஆளு ஊர்லயே கெடையாது.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு ஆண்டுகள் அந்த மலையில் இருந்தும் இது அவளுக்குத் தெரியாது. கொக்கைப் போல ஆமை ஓட்டைத் தட்டிக் கேட்டவள் அவளேதான்.

அவள் திரும்பி வந்து சொன்னதை நாராயணசாமி பொறுமையாகக் கேட்டார். முடிவைப் பதிவதற்காகத் தம் கையில் வைத்திருந்த டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினார். “நீங்க சொல்றது நெசந்தாம்மா. ஆனா வழக்கத்த எழுத இதுல எடமில்ல. பத்துன்னு ஏத்தியாச்சு, ஒம்போதுன்னு வந்திருக்குது. தப்பப் புள்ளைக்குப் போடணும், இல்ல பாடத்துக்குப் போடணும். நடுவுல கட்டம் இல்ல.”

“பாடத்துக்குப் போட்டா?”

“உங்களுக்குச் சான்று கெடையாது. அடுத்த பிரிவுல மறுபடி அஞ்சு நாளு. அது ஜூலையிலதான்.”

“வேற பொருள் வெச்சு இன்னொரு தடவ?”

“மூணு தடவ முடிஞ்சிடுச்சு. நாலு மணிக்கு அதுவே மூடிக்கும்.”

மணி மூன்று ஐம்பத்தாறு. பூட்டிய கதவருகே ஆசிரியர்கள் பைகளோடு நின்றார்கள். யாரோ, “இன்னும் ஜாஸ்தி நேரமாவுமா?” என்றார். தமிழ்ப்ரியா யாரையும் பார்க்கவில்லை. மேசையைத் துடைக்க வந்தவரின் துணியைத் தடுத்து, ஓரத்துத் தாளின்மேல் இரு கைகளையும் கவித்துக்கொண்டு நின்றாள்.

கோகிலவாணி டேப்லெட்டில் ‘பாடம்’ என்றிருந்த இரண்டாவது கட்டத்தைத் தொட்டாள். திரை, உறுதிதானா என்று கேட்டது. இன்னொரு முறை தொட்டாள்.

கதவு திறந்தது. அம்மாசி, “புள்ள பாஸா டீச்சர்?” என்றார்.

“பாஸ்தான். ஃபெயில் ஆனது நானு.”

அவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்.

மலைப் பேருந்தில் உட்கார்ந்ததும், தமிழ்ப்ரியா தாளில் பொதிந்த முதல் அளவை ஆசிரியையின் இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தாள். தன் உதட்டின்மேல் ஒரு விரலை வைத்துக் காட்டினாள். வண்டி புறப்பட்டது. கைப்பையில் கைபேசி ஒலித்தது. சான்று வாங்கியாயிற்றா என்று கேட்க ரிஷிவந்தியத்திலிருந்து கணவன் அழைக்கும் நேரம் அது. கைகள் இரண்டும் நிறைந்திருந்தன. பேசவும் கூடாது. அது ஒலித்து ஓயும்வரை கோகிலவாணி அசையாமல் இருந்தாள். மறுபடி ஒலித்தது.