நானே திருத்திக் கொடுத்தது

1

வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். கதை எழுதும் ஆசையில் பிறந்த கதையன்று இது. வங்கி தந்த புகார்ப் படிவத்தின் ஏழாம் பத்தியில், 'நடந்ததைத் தங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்று அச்சிட்டு, கீழே நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள். நான் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்த அதிகாரி அம்மையார் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், கதை கேக்கலை. நடந்ததை மட்டும் எழுதுங்க."

அந்தப் பக்கங்களை வீணாக்க மனம் வரவில்லை. [அவற்றுள் மூன்று பக்கங்கள் மன்னிப்புகள். நீக்கிவிட்டேன், அதற்கும் மன்னிக்கவும்.]

2

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: 'என் பெயரை யாரோ திருடிவிட்டார்கள்.' அடித்துவிட்டேன். திருடுபோன பொருள் உடையவரிடம் இருக்காது. என் பெயரோ என்னிடமேதான் இருக்கிறது; தொல்லையே அதுதான்.

அடுத்து: 'நான் கண்டிராத ஒரு கடையில், நான் வாங்கியிராத ஒரு சலவை இயந்திரம்...' இதுவும் வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன். என் பெயரில், நான் திறக்காத மூன்று கணக்குகள் இருக்கின்றன. மூன்றிலும் கடன் வாங்கியிருக்கிறார்கள். தவணை கட்டாதவர்களின் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். மாத முடிவுக்குள் காலி செய்தாக வேண்டும். கணவருக்கு வேலை போய் ஓராண்டாவதால் வாடகை ஒப்பந்தத்துக்கு என் சம்பளத்தைத்தான் காட்ட முடியும். நான்கு வீட்டுக்காரர்கள் என் பெயரைச் சரிபார்த்தார்கள். நால்வரும் மறுத்துவிட்டார்கள்.

"உண்மையைச் சொல்லு," என்றார் கணவர். "எனக்குத் தெரியாம எதையாச்சும் வாங்கினியா?"

"ஏங்க, சலவை மெஷின் வாங்கியிருந்தா நம்ம வீட்டுல இருக்காதா?"

"அதுவும் சரிதான். நீ வாங்கியிருந்தா கடைக்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, கூடவே நூறு ரூபா குடுத்துட்டு வந்திருப்ப."

சிரித்தார். பிறகு அந்த மூன்று கடன்களின் விவரத்தாளை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

3

இனி, அந்த மனிதரை அறிமுகப்படுத்த வேண்டும். [இந்தப் பகுதியை என் கணவர் இன்னும் படிக்கவில்லை.]

நான் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துபவள். சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு, விலங்கியல் பாடநூலின் மூன்றாம் மெய்ப்பு மேசையில் இருக்க, தொலைபேசி ஒலித்தது.

"வங்கியில இருந்து பேசறோம் மேடம். உங்க விவரத்தை நான் படிக்கிறேன், ஆமான்னு சொன்னா போதும். பிறந்த தேதி, மார்ச் பதினாலு."

"மன்னிக்கணும். பதினேழு."

"வீட்டு எண் நாப்பத்திரண்டு."

"இருபத்திநாலுங்க. இடம் மாறிடுச்சு போல."

"அடையாள அட்டை, கடைசியில மூணு மூணு ஏழு."

"மூணு ஏழு ஏழு. முழு எண்ணையும் சொல்லிடட்டுமா? அப்புறம் பிழையே இருக்காது."

"சொல்லுங்க மேடம். உங்களை மாதிரி பொறுமையா திருத்திக் குடுக்கறவங்க யாரு இருக்காங்க? ரொம்ப நன்றி."

கைபேசிக்கு வந்த ஆறு இலக்கங்களையும், இருமுறை சரிபார்த்த பிறகே சொன்னேன்.

'அவன் குரலில் ஒரு கொடூரம்...' என்று எழுதத் தொடங்கினேன். இல்லை, அப்படியொன்றும் இருக்கவில்லை. நான் திருத்திய பிழைகளை இத்தனை ஆண்டுகளில் எந்த நூலாசிரியரும் கண்டதில்லை. விட்டுப்போன ஒன்றை மட்டும் தவறாமல் கண்டுபிடித்துக் கடிதம் எழுதுவார்கள். எனக்கு நன்றி சொன்னவர் இவர் ஒருவர்தான். அன்று மாலைவரை நான் மகிழ்ச்சியாக இருந்தேன். இதை நான்கு கோடுகளில் எந்தக் கோட்டில் எழுதுவது?

4

அதிகாரி அம்மையாரிடம் மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார்.

"நீங்களே சொன்னீங்கன்னு எழுதினா, பொறுப்பு உங்களுதுன்னு ஃபைலை மூடிடுவாங்க. விவரம் எப்படிப் போச்சுன்னு தெரியாதுன்னு ஒரு வரி எழுதுங்க. விசாரணை முடியறவரைக்கும் பட்டியல்ல இருந்து பேரை எடுத்து வைப்பாங்க."

"அது உண்மையில்லைங்களே."

"எங்கிட்ட நீங்க எதுவுமே சொல்லலை மேடம். புகார் குடுக்க நாளைக்குக் கடைசி நாள்."

5

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். குற்றவாளி பிடிபடுகிறார்: அவருக்கு என்னால் ஒரு முகம் வரைய முடியவில்லை. பெயரைச் சரிபார்க்காத ஒரு வீட்டுக்காரர் கிடைக்கிறார்: இது கணவர் சொன்ன முடிவு, சொன்ன மாத்திரத்தில், "நடக்கற கதையா இது," என்று அவரே தள்ளிவிட்டார்.

மூன்றாவது முடிவு படிவத்திலேயே இருக்கிறது. கணவர் தம் அழகிய கையெழுத்தில் நிரப்பியிருக்கிறார்: 'என் விவரங்கள் எவ்வாறு வெளியே சென்றன என்பதை நான் அறியேன்.' அது பொய் என்று அவருக்குத் தெரியாது. அதன் கீழே, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை.' அதற்கும் கீழே, நான் கையெழுத்திட வேண்டிய இடம்.

"போட்டுடு. எதுக்கு யோசிக்கிற?"

"பிழை இருக்குங்க."

அவர் தாளை வாங்கி, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தார். "எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பென்சிலை எடுத்தேன்.

ஐயத்துக்குரிய வரியை மெய்ப்புத் திருத்துபவர் தாமாக மாற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. ஓரத்தில் கேள்விக்குறி இட்டு ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். அவர் சொல்வதே முடிவு. இங்கே ஆசிரியரும் நானாகிவிட்டபடியால், தாள் போன வேகத்தில் என்னிடமே திரும்பி வருகிறது. ஆகவே, வாசகர்களே, தங்களுக்குச் சிரமமில்லையெனில், இதைத் தங்களுக்கு அனுப்புகிறேன். அந்த வரிக்கு நேரே பென்சிலால் கேள்விக்குறி இட்டிருக்கிறேன். அழித்தால் தடம் தெரியாது. வங்கி காலை பத்து மணிக்குத் திறக்கும்.

அடுத்த அறையில் கணவர் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை.