சீனியரின் வண்டிக்கு ஒரு சார்ஜர்

என் மனைவியின் முதல் கணவரை நான் மனதுக்குள் சீனியர் என்றுதான் கூப்பிடுவேன். அவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. அவருடைய மோட்டார் சைக்கிள் மட்டும் இன்னும் ஷெட்டில் நிற்கிறது, உறையைப் போர்த்திக்கொண்டு, எனக்கு முன்பே இந்த வீட்டுக்குக் குடிவந்த தோரணையில். ஞாயிறு காலையில் மனைவி எழுந்து போய் அதை ஸ்டார்ட் செய்வாள். கொஞ்ச நேரம் உறுமும். அணைத்துவிட்டு வருவாள். என்னை எழுப்ப ஒருநாளும் அவள் அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டதில்லை.

போன ஞாயிறு பட்டனை அழுத்தினாள். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போர்வைக்குள் சிரித்தேன். அவள் வாடிய முகத்தோடு உள்ளே வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

"பேட்டரி இறங்கிடுச்சு. ஒரு சார்ஜர் வாங்கிட்டு வாங்களேன்."

போட்டிக்காரனுக்குக் குளுக்கோஸ் வாங்கக் கிளம்பினேன்.

"வண்டி அடிக்கடி எடுப்பீங்களா சார்?" என்றார் பேட்டரிக் கடைக்காரர்.

"எடுக்கறதே இல்ல. வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி அணைக்கறதோட சரி."

"அதுலதான் சார் இறங்குது. ஸ்டார்ட்டுக்குப் போன கரன்ட் திரும்ப ஏற நேரமே குடுக்கறதில்ல. வண்டி யாரோடது?"

"என் வீட்டுக்காரியோட முதல் வீட்டுக்காரரோடது."

"அவரு வந்து ஓட்ட மாட்டாரா?"

"வந்தா எனக்குத்தான் சிக்கல்."

அவர் சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு இரண்டு சார்ஜர்களை எடுத்து வைத்தார். பெரியது காருக்கானது, மலிவு. "இது தானா நிக்காது. மாட்டிட்டு மறந்தீங்கன்னா உங்க சின்ன பேட்டரி வெந்துடும்." இன்னொன்று மெயின்டெய்னர், உள்ளங்கை அளவுதான். "நிறைஞ்சதும் நிறுத்திக்கும். கொஞ்சம் இறங்கினா கொஞ்சம் குடுக்கும். மாட்டியே விட்டுடலாம்."

வாய்விட்டுக் கேட்காமலே கவனித்துக் கொடுக்கிறதாம். எனக்கே ஒன்று மாட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கை தானாகப் பெரியதின் மேல் போனது. ஒரே மாதத்தில் சீனியர் காலி, பழி சார்ஜருக்கு. அப்போதுதான் அந்த முகம் ஞாபகம் வந்தது. எனக்காக வாடிய முகமில்லைதான். அதற்காக, அது வாடினால் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறதா? சின்னதையே வாங்கினேன்.

சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டினேன். மனைவி அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"மாட்டியே வச்சுடலாமா?"

"வச்சுடலாம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் எழுந்து ஸ்டார்ட் பண்ண வேணாமா?"

"பண்ணதுதான் தப்பாம்."

"அடப்பாவி மனுஷா, இதை முன்னாடியே வாங்கித் தொலைச்சிருக்கக் கூடாதா? பேட்டரி செத்துடுமேன்னு பயந்துதானே எழுந்து ஓடறேன். ஒரு ஞாயிறாவது நிம்மதியா தூங்கியிருக்கேனா நான்?"

இத்தனை நாள் நான் வயிறெரிந்தது காதலைப் பார்த்தா, பயத்தைப் பார்த்தா? கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் என் தூக்கம் போகும்.

அடுத்த ஞாயிறு அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள். உறுமல் கேட்காததால் எனக்குத்தான் விழிப்பு வந்துவிட்டது. ஷெட்டுக்குப் போனேன். பச்சை விளக்கு எரிந்தது. சீனியர் வயிறு நிறைந்து, குறையில்லாமல் இருந்தார்.

உறை ஒரு பக்கம் சரிந்திருந்தது. இழுத்து மூடிவிட்டேன்.

"குடுத்து வச்சவர் சார் நீங்க," என்றேன். "தூங்குங்க. அவளும் தூங்கறா."