பெயருக்கு முன்னால் நான் சேர்த்தது

என் மச்சினனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது எந்தக் கல்லூரியும் இல்லை. நான்தான்.

அவன் கட்டட வேலைகளில் சூப்பர்வைசர். சிமெண்ட் மூட்டை எண்ணுவான், வராத ஆளுக்கு போன் போட்டுக் கத்துவான். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். திடீரென்று நகராட்சித் தேர்தலில் நிற்கிறேன் என்று கிளம்பினான். என் மனைவிக்குத் தம்பி என்றால் உயிர். "சொந்தமா அச்சகம் வச்சிருக்கீங்க, என் தம்பிக்கு நாலு நோட்டீஸ் அடிக்க மூக்கால அழுறீங்களே!" என்று பிடித்துக்கொண்டாள்.

சரி, தொலையட்டும் என்று வெறும் பெயரோடு ஐந்நூறு நோட்டீஸ் அடித்து, எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தோம். மறுநாள் பார்த்தால் பாதி சாக்கடையில் கிடந்தது. ஒரு வீட்டு வாசலில் அதை நாலாக மடித்து ஆடுகிற நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். மச்சினன் முகம் சுண்டிப்போனது. "யாருடா இவன்னு கேக்குறாங்க மாமா" என்றான். எனக்கோ ஆத்திரம். நான் அடித்த நோட்டீஸ் அல்லவா! நேராகக் கணினி முன் உட்கார்ந்து, அவன் பெயருக்கு முன்னால் 'இன்ஜினியர்' என்று தட்டினேன்.

"மாமா, நான் இன்ஜினியர் இல்லையே?"

"கட்டடத்துலதானடா நாள் பூரா நிக்கிற? வாய மூடிக்கிட்டு இரு."

அடுத்த தெருவுக்கு அதைக் கொண்டுபோனோம். அதே முகம், அதே சிரிப்பு, அதே வாக்குறுதி. மறுநாள் ஒரு தாள்கூடத் தரையில் இல்லை. மளிகைக்கடைக்காரர் கல்லாவுக்கு மேலேயே ஒட்டியிருந்தார். "படிச்ச பையன். தண்ணிக் குழாயப் பத்தி எழுதியிருக்கான் பாருங்க, விஷயம் தெரிஞ்சவன்" என்றார். முந்தின நோட்டீஸிலும் அதே குழாய்தான், அதே வரிதான்! வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மச்சினனும் ஒரே வாரத்தில் மாறிவிட்டான். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் ஒரு அளவு டேப். யாராவது "இன்ஜினியர் சார்" என்றால் கூச்சமே இல்லாமல் திரும்பினான்.

என் அச்சகத்துக்கு எதிரே ஒரு பெண் தையல் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னாலுள்ள ஒற்றை அறையில் மகளோடு குடியிருக்கிறாள். எட்டு வருடமாக எனக்கு அவள் தங்கச்சி மாதிரி. ஓட்டுக் கேட்கப் போனபோது அவள் மச்சினனுக்குக் கூரைத் தளத்தைக் காட்டினாள். மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். தையல் மிஷின் மேல் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்திருந்தது.

"அக்கா வீட்டுக்குப் போயிடலாமான்னு பாக்குறேன் சார். நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவன் அண்ணாந்து பார்த்தான். விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான். "பூச்சுதாம்மா வெடிச்சிருக்கு. கட்டடம் கல்லு மாதிரி இருக்கு." கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும்தான்.

அன்று மாலை அவள் அச்சகத்துக்கு வந்தாள். மிஷின் சத்தம் அடங்கும்வரை நின்றாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மச்சான் நிஜமாவே இன்ஜினியரா?"

இல்லை என்ற சொல் தொண்டை வரை வந்தது. வாக்குப்பதிவுக்கு நாலே நாள். இவளிடம் சொன்னால் தெரு முழுக்கப் பரவிவிடும். அப்புறம் மனைவி முகத்தில் எப்படி முழிப்பது?

"பின்ன? சும்மாவாம்மா போடுவோம்?" என்றேன்.

"அது போதும்ண்ணே" என்று போய்விட்டாள்.

மச்சினன் ஜெயித்தான். நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசம். நன்றி போஸ்டரில் 'இன்ஜினியர்' என்பதை இன்னும் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

மூன்றாவது வாரம் பட்டப்பகலில் தையல் கடையின் தளம் பெயர்ந்து விழுந்தது. மகள் பள்ளியில் இருந்தாள், புண்ணியம். இவள் மிஷினில் இருந்தாள். வலது கை நொறுங்கிப்போனது. இனி விரல்கள் மடங்காது என்றார்கள்.

ஒருத்தராவது மச்சினனை ஏசவில்லை. "இன்ஜினியரே பாத்தும் இப்படின்னா, விதிங்க" என்றார் மளிகைக்கடைக்காரர். யாராவது என் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று நாள் பொறுத்து மருத்துவமனைக்குப் போனேன். கட்டுப்போட்ட கை தலையணை மேல் இருந்தது. அதைப் பார்க்காமல் பேசலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

"அவன் இன்ஜினியர் இல்லம்மா. நான்தான் அப்படிப் போட்டேன். பாவி நான். அந்த நோட்டீஸ நம்பி நீ..."

அவள் என்னையே பார்த்தாள்.

"நோட்டீஸ யாருண்ணே நம்புனா? அவரு விரிசல் இருந்த பக்கம் தட்டவே இல்ல. அப்பவே எனக்குச் சந்தேகம். அதனாலதான உங்ககிட்ட வந்து கேட்டேன்."

இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அக்கா வீட்டுக்குப் போகத் துணிமணி எல்லாம் மூட்டை கட்டி வச்சிருந்தேன்ண்ணே. நீங்க சொன்னப்புறம்தான் பிரிச்சேன்."